சுடுதளப் பயிற்சிக்குக் குறைந்த செலவில் இலக்குத் தாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

துப்பாக்கி சுடும் பயிற்சியில் தோட்டாவுக்கும், ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் எனப்படும் காற்றுத் துப்பாக்கிகளில் போடும் சிறு குண்டான பெல்லட்டுக்கும் ஆகும் செலவை எல்லோரும் முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். இலக்குத் தாளுக்கு ஆகும் செலவையோ மாதக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். கவனித்ததும் பெரும்பாலோர் செய்வது, இருப்பதிலேயே விலை குறைந்த தாளைக் கட்டுக்கட்டாக வாங்கி வைப்பதுதான். பயிற்சியைத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தத் தாளில் துளை விழவில்லை, கிழிசல்தான் விழுந்தது. இலக்கின் வளையங்களுக்கு ஓரத்தில் ஒன்று முதல் நடுவில் பத்து வரை மதிப்பெண் உண்டு; பெல்லட் ஒன்பதாம் வளையத்தைத் தொட்டதா பத்தைத் தொட்டதா என்று சொல்ல முடியாத நிலையில் பாதிக் கட்டு தீர்ந்துபோனது. அதன் பிறகு, ஒரு தாள் என்ன விலை என்று கேட்பதை விட்டுவிட்டு, தெளிவாகப் படிக்க முடிகிற ஒரு துளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். தாளைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் எல்லாக் கேள்விகளுக்கும் இந்தக் கணக்கிலிருந்தே விடை கிடைக்கிறது என்பதால், இதையே அடிப்படையாகக் கொண்டு எழுதுகிறேன்.

தாள் வாங்குமுன், அன்றைய பயிற்சியில் தாள் நமக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மதிப்பெண் தெரிய வேண்டுமென்றால் வளையங்கள் சரியான அளவில் அச்சான அட்டை தேவை. துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது மட்டும் போதுமென்றால் வளையமே தேவையில்லை. நடுவில் ஒரு கருப்பு வட்டம் இருந்தால் போதும். துப்பாக்கியின் குறியைச் சரிசெய்யும் நாளில் கட்டம் போட்ட தாள்தான் உதவும். விசையை இழுக்கும் விரலையும் உடலின் நிலையையும் மட்டும் கவனித்துப் பழகும் நாளில், பயன்படுத்திய அட்டையைத் திருப்பி அதன் வெற்றுப் பக்கத்தை நோக்கிச் சுட்டாலே போதும். பயிற்சியாளர்கள் பலர் இந்த வெற்றுத்தாள் பயிற்சியை விரும்பிச் சொல்கிறார்கள். மதிப்பெண் கண்ணில் படாதபோது கவனம் துப்பாக்கிக் குழலின் முனையிலுள்ள முன்குறியிலேயே நிற்கிறது. மதிப்பெண் அட்டை உண்மையில் எத்தனை நாட்களுக்குத் தேவை என்று எண்ணிப் பார்த்தால், வாங்க வேண்டிய அளவு பாதியாகக் குறைந்துவிடுவது வியப்பில்லை.

அளவுகளை அறிந்துகொள்வது

மதிப்பெண் அட்டை வாங்குபவர் கையில் ஓர் அளவுகோலும் மனத்தில் சில எண்களும் இருக்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டை 80 மி.மீ. சதுரம். அதில் பத்தாம் வளையம் என்பது 0.5 மி.மீ. அளவுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. முதலாம் வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ.; கருப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டை 170 மி.மீ. சதுரம்; அதன் பத்தாம் வளையம் 11.5 மி.மீ., முதலாம் வளையம் 155.5 மி.மீ., கருப்பு வட்டம் 59.5 மி.மீ. 50 மீட்டர் ரைபிளுக்குப் பத்தாம் வளையம் 10.4 மி.மீ., கருப்பு வட்டம் 112.4 மி.மீ. 25 மீட்டர் பிஸ்டலின் துல்லியச் சுற்று அட்டையில் பத்தாம் வளையம் 50 மி.மீ., முதலாம் வளையம் 500 மி.மீ., கருப்பு வட்டம் 200 மி.மீ.

இந்த எண்களில் செலவைப் பற்றிய ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஏர் ரைபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள இடைவெளி 2.5 மி.மீ. மட்டுமே. பெல்லட்டோ 4.5 மி.மீ. துளையின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும் என்பது விதி. ஆகவே தாள் துளையைச் சுற்றி 2 மி.மீ. கிழிந்தால், அந்தக் கிழிசல் ஏறக்குறைய ஒரு முழு மதிப்பெண்ணையே மறைத்துவிடுகிறது. ஏர் பிஸ்டலில் வளைய இடைவெளி 8 மி.மீ.; அங்கே அதே கிழிசல் அவ்வளவு கேடு செய்யாது. 25 மீட்டர் பிஸ்டல் அட்டையில் இடைவெளி 25 மி.மீ. என்பதால் ஓரளவு மட்டமான தாளையும் பொறுத்துக்கொள்ளலாம். எனவே ரைபிள் பயில்பவர் அட்டையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுடும் எண்ணிக்கையைத் திட்டமிடுவதில்தான் சிக்கனம் பார்க்க வேண்டும். பிஸ்டலைப் புதிதாகப் பழகுபவர் அட்டையிலேயே தாராளமாகச் சிக்கனம் பார்க்கலாம்.

தாளின் தரம்

நல்ல இலக்கு அட்டை சற்று விறைப்பாகவும் பளபளப்பின்றியும் இருக்கும். அலுவலகங்களில் நகலெடுக்கப் பயன்படும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளுக்கு இத்தனை கிராம்) எடையுள்ளது. அது மென்மையாக இருப்பதால் பெல்லட் நுழையும்போது வெட்டுப்படாமல் நட்சத்திரம் போலப் பிளக்கிறது. என் அனுபவத்தில் 160 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத, பூச்சு இல்லாத அட்டை ஏர் ரைபிளுக்கு ஏற்றதாக இருக்கிறது. எடை மட்டுமே அளவுகோல் ஆகாது. வழுவழுப்பான பூச்சுள்ள தடித்த அட்டை விளக்கொளியில் பளிச்சிட்டுக் கண்ணை உறுத்தும், துளையின் ஓரத்தில் உரியவும் செய்யும். வாங்கும் இடத்திலேயே அட்டையை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தால், கருப்பு வட்டம் மினுக்குகிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பெல்லட்டின் தலையும் இதில் பங்கு வகிக்கிறது. தட்டைத் தலை பெல்லட் காகிதத்தில் துளையிடும் கருவியைப் போல வட்டமாக வெட்டுகிறது. போட்டிகளில் அதையே பயன்படுத்துவதற்கு இது முக்கியமான காரணம். உருண்டைத் தலையும் கூர்த் தலையும் தாளை விலக்கிக்கொண்டு நுழைவதால், துளை தன் உண்மையான அளவைவிடச் சிறியதாகவும் ஓரம் பிசிறாகவும் தெரியும். பாயிண்ட் 22 (0.22 அங்குல) தோட்டாவிலும் இதே சிக்கல் உண்டு. வெள்ளைப் பகுதியில் விழுந்த துளையைச் சுற்றி ஈயம் தடவிய சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும். குண்டின் முழு விட்டத்தைக் காட்டுவது அதுதான். கருப்புப் பகுதியில் அந்தத் தடயம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உருண்டைத் தலையால் சுடுபவர், மலிவான தாளுக்கும் நல்ல அட்டைக்கும் உள்ள வேறுபாட்டைத் தட்டைத் தலையால் சுடுபவரைவிடக் கூடுதலாக உணர்வார்.

கருப்பு வட்டத்தில் ஏமாறக் கூடாது

மலிவான அட்டைகளில் நான் அடிக்கடி கண்ட குறை தாளின் தரத்தில் இல்லை, அச்சின் அளவில்தான் இருக்கிறது. வளையங்கள் சிறிது பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். பிஸ்டல் சுடுபவருக்கு அது குறியையே மாற்றிவிடும். கருப்பு வட்டத்தின் அடிவிளிம்பைக் குறியாக வைத்து, பெல்லட் நடுவில் விழும்படி துப்பாக்கியைச் சரிசெய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியான அட்டையில் அடிவிளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள தூரம் 29.75 மி.மீ. அவர் கருப்பு வட்டம் 50 மி.மீ. மட்டுமே உள்ள ஒரு மலிவு அட்டையில் பயின்றால் அந்தத் தூரம் 25 மி.மீ. ஆகிவிடுகிறது, கை சிறிதும் பிசகாவிட்டாலும் துளைகள் நடுவுக்கு 4.75 மி.மீ. மேலே விழும். அது அரை வளையத்துக்கும் அதிகம். தாளின் பிழையைத் தன் பிழையென்று நினைத்து அவர் குறியைத் திருப்பிவிட்டால், போட்டி நாளில் சரியான அட்டைமுன் நிற்கும்போது துளைகள் எல்லாம் கீழே இறங்கும். ரைபிளில் முன்குறி வளையத்துக்குள் கருப்பு வட்டத்தை நடுப்படுத்திப் பார்ப்பதால் இப்படி இடம் மாறாது. ஆனால் வட்டத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை இடைவெளியின் அளவு மாறுவதால் கண் பழகிய காட்சி கெட்டுப்போகும்.

எனவே எந்த அட்டையையும் முதலில் சிறிய கட்டாக வாங்கி, கருப்பு வட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் அச்சு நீண்டிருக்கிறது என்று பொருள். பிறகு தளத்தில் ஐந்து முறை சுட்டு, துளைகளின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு சோதனையிலும் தேறிய அட்டையையே பெரிய கட்டாக வாங்கலாம். பெரிய கட்டில் ஓர் அட்டைக்கு ஆகும் விலை பெரும்பாலும் குறையும் என்பதால், உடன் பயில்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

வீட்டில் அச்சிடுவது

பலர் அச்சு இயந்திரத்தில் தாங்களே அட்டை அச்சிட்டுக்கொள்கிறார்கள். செலவைக் குறைக்க இது நல்ல வழி. ஆனால் அச்சிடும் முன் ஓர் அமைப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "ஃபிட் டு பேஜ்" என்ற தேர்வு தாளின் ஓரத்துக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கிவிடும். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் 95 சதவீதமாகச் சுருங்கினாலே பிஸ்டலின் 59.5 மி.மீ. வட்டம் 56.5 மி.மீ. ஆகிவிடும், கண்ணால் பார்த்தால் தெரியாது, அளவுகோல் வைத்தால்தான் தெரியும். அச்சிட்ட முதல் தாளை அளந்து பார்த்த பின்பே அடுத்த தாளை அச்சிட வேண்டும்.

ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் கொண்டது. 80 மி.மீ. சதுரங்களாக ஆறு ஏர் ரைபிள் இலக்குகள் அதில் தாராளமாக அடங்கும். ஏர் பிஸ்டல் இலக்கு ஒன்றுதான் அடங்கும். லேசர் அச்சின் கருப்பு ஓரளவு மினுக்கும். மை தெளிக்கும் இயந்திரத்தின் கருப்பு மினுக்காது, ஆனால் பெரிய கருப்பு வட்டம் மையை மிகுதியாக உறிஞ்சித் தாளை நெளியச் செய்கிறது, மைக்கும் பணம் போகிறது. என் கருத்தில், வீட்டு அச்சு ரைபிளின் சிறிய வட்டங்களுக்கும் கட்டத் தாள்களுக்கும் மட்டுமே சிக்கனமானது. பிஸ்டலின் பெரிய வட்டத்துக்கு மையின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். கடை அட்டையே மலிவாக இருக்கக்கூடும்.

ஓர் இலக்கில் எத்தனை முறை சுடலாம்?

உண்மையான சேமிப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு போட்டியின் தகுதிச் சுற்றைப் போல 60 முறை சுடுவதாகக் கொள்வோம். இலக்குக்கு ஒரு முறை சுட்டால் 60 அட்டைகள் வேண்டும். ஐந்து முறை சுட்டால் 12 அட்டைகள் போதும். ஆறு இலக்குகள் அச்சிட்ட ஏ4 தாளில் இலக்குக்கு இரண்டு முறை சுட்டால் ஐந்தே தாள்களில் வேலை முடிந்துவிடும். அதோடு ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரியும். ஐந்து பெல்லட்டுகள் ஒரே ஓட்டையாக இணைந்துவிடும் அளவுக்குத் தேறிய ரைபிள்காரர் ஓர் அட்டையில் ஐந்து முறை சுட்டால், ஐந்தாவது எங்கே போனது என்பதை யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு அது சேமிப்பாகாது. மாறாக, துளைகள் பரவி விழும் புதியவர் ஒரு பிஸ்டல் அட்டையில் பத்து முறை சுட்டாலும் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். ஆகவே திறமை வளர வளர ஓர் இலக்கில் சுடும் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே தாளில் இருக்கும் இலக்குகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

25 மீட்டர் பிஸ்டல் அட்டை போன்ற பெரிய அட்டைகளை ஒட்டுத்தாள் கொண்டு மீண்டும் பயன்படுத்தலாம். கருப்பில் விழுந்த துளைக்குக் கருப்பு ஒட்டு, வெள்ளையில் விழுந்ததற்கு வெள்ளை ஒட்டு என்பதில் சோம்பல் கூடாது. கருப்பு வட்டத்தில் ஒட்டிய ஒரு வெள்ளைத் துண்டு அடுத்த சுற்று முழுவதும் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி மிகவும் சிதைந்த பின், வெளி வளையங்கள் நன்றாக இருந்தால், நடுப்பகுதிக்கு மட்டும் புதிய துண்டை ஒட்டி அந்த அட்டையின் ஆயுளை நீட்டலாம்.

பின்னால் இருக்கும் பலகை

நல்ல அட்டையையும் கெடுத்துவிடுவது அதன் பின்னால் இருக்கும் தாங்கிதான். நெளிவு அட்டைப் பலகைமீது தாளை நான்கு மூலைகளிலும் இழுத்துப் பொருத்தினால் துளை சுத்தமாக விழும்; தாள் தொய்ந்து காற்றில் ஆடினால் எந்த விலைத் தாளும் கிழியும். பலகையின் நடுவே பழைய சுடுதலால் பெரிய ஓட்டை விழுந்திருந்தால், அதன்மேல் மாட்டிய தாளுக்கு அந்த இடத்தில் ஆதாரமே இருக்காது. பலகையைச் சில சென்டிமீட்டர் நகர்த்தியோ தலைகீழாகத் திருப்பியோ மாட்டினால், செலவே இல்லாமல் துளையின் தரம் உயரும். தாளை மாட்டும் உயரத்தை மட்டும் நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. தாளைக் கடந்து செல்லும் குண்டு பின்னாலுள்ள தடுப்புமேட்டின் நடுப்பகுதியில் போய் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் தளத்தில் உயரம் குறித்திருக்கிறார்கள். பலகையில் ஆணி போன்ற உலோகம் எதையும் அடிக்கக் கூடாது. எந்த வகை இலக்குகளை அனுமதிக்கிறார்கள் என்பதையும் தளத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மனித உருவம் வரைந்த தாளை ஏற்காத தளங்கள் உண்டு.

குறியைச் சரிசெய்யும் தாள்

ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்திய ரைபிளுக்குக் கருப்பு வட்டம் ஏற்றதல்ல. கருப்பின்மேல் கருப்புக் குறுக்குக்கோடு மறைந்துவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களும் நடுவில் உள்ளீடற்ற ஒரு சிறு சதுரமும் வரைந்தால் போதும். அளவுகோலும் பேனாவும் கொண்டு நாமே வரைந்துவிடலாம். ஸ்கோப்பின் திருகை ஒரு சொடுக்கு திருப்பினால் குறி 0.1 மில் நகரும் எனில் (ஒரு மில் என்பது தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 100 மீட்டரில் அது சரியாக ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒரு கட்டம். 50 மீட்டரில் அரைக் கட்டம். 25 மீட்டரில் நான்கு சொடுக்குகள் சேர்ந்து ஒரு கட்டம். துளை நடுவிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி விழுந்தது என்று எண்ணினால், எத்தனை சொடுக்கு திருப்ப வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். இந்த வேலைக்கு மெல்லிய நகல் தாளே போதுமானது. இங்கே நமக்கு வேண்டியது துளைக் கொத்தின் நடுப்புள்ளிதான், ஓரத்தின் துல்லியம் அல்ல.

குண்டு பட்டதும் சுற்றிலும் பிரகாசமான வண்ணம் வெளிப்படும் ஒட்டு இலக்குகள் கவர்ச்சியானவை, விலையும் அதிகம். தொலைவில் உள்ள துளையை நின்ற இடத்திலிருந்தே பார்க்க வேண்டிய சூழலில் அவற்றால் பயன் உண்டு. 10 மீட்டரில் அவை தேவையே இல்லை.

தொலைவைக் குறைத்துப் பழகுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 10 மீட்டர் அட்டையைப் பாதியாகச் சுருக்கி 5 மீட்டரில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பெல்லட் பாதியாகச் சுருங்குவதில்லை. கோட்டைத் தொட்டால் போதும் என்ற விதியில் பெல்லட்டின் அளவும் கணக்கில் வருவதால், பிஸ்டல் அட்டையின் பத்தாம் வளையத்தை 5.75 மி.மீ. ஆகச் சுருக்கினால் மதிப்பெண் தாராளமாகக் கிடைத்து நம்மை ஏமாற்றும். நேர்மையான அளவு 3.5 மி.மீ. தான். ஏர் ரைபிளில் இந்தக் கணக்கைப் போட்டால் பத்தாம் வளையத்துக்கு இடமே மிஞ்சாது. ஆகவே சுருக்கிய ரைபிள் அட்டையில் மதிப்பெண் எண்ண வேண்டாம். கருப்பு வட்டத்தை மட்டும் 15.25 மி.மீ. ஆக வரைந்துகொண்டு, துளைகளின் நெருக்கத்தை மட்டும் அளப்பதே முறை.

வாங்கிய அட்டைகளை ஈரம் படாத இடத்தில், படுக்கை வசமாக, மேலே சிறிது பாரம் வைத்துச் சேமிக்க வேண்டும். ஈரம் ஏறிய அட்டை நெளிவதோடு துளையின் ஓரத்தையும் பிசிறாக்கும். சுட்ட அட்டைகளில் தேதி, தொலைவு, பெல்லட்டின் வகை ஆகியவற்றை எழுதி, மாதத்துக்கு நான்கைந்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் பின்பக்கத்தை வெற்றுத்தாள் பயிற்சிக்கு ஒதுக்கலாம். துளை விழுந்த தாள்களிலும் தாங்கிப் பலகையிலும் ஈயத் தூள் படிந்திருக்கும் என்பதால், அவற்றைக் கையாண்டதும் சோப்பு போட்டுக் கைகளைக் கழுவ வேண்டும்; பழைய அட்டைகளைக் குழந்தைகளின் விளையாட்டுக்கோ உணவுப் பொருள் பொதியவோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது.